குளவிக்கு நன்றி

என் பெரியப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். 2011-ஆம் வருஷம், ஒரு கோடைகால மாலையில், களத்து மேட்டில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டார். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் சில கேள்விகள், பதில் கிடைக்காவிட்டாலும், கேட்டவரை விட்டுவிட்டுக் கேட்கப்பட்டவனோடு புறப்பட்டு வந்துவிடுகின்றன. இதுவும் அப்படித்தான் என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டது.

பெரியப்பாவுக்கு அவிநாசிக்கு மேற்கே இரண்டு ஏக்கர் பப்பாளித் தோட்டம் இருந்தது. பழத்துக்காக வைத்ததல்ல, பாலுக்காக. விடியற்காலையில் காயை இலேசாகக் கீறிவிட்டால் பால் வடியும். அதைச் சேர்த்து ஆலைக்குக் கொடுப்பார்கள். மருந்து செய்வதற்கும் வேறு பல காரியங்களுக்கும் அது போகிறது. பிள்ளையின் படிப்பு, பெண்ணின் சீர், கிணற்றுக் கடன் எல்லாம் அந்தப் பாலை நம்பித்தான் இருந்தன.

2009-இல் ஒரு நாள் இலையின் அடிப்பக்கத்தில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஒரு மாதத்தில் தண்டு, பிஞ்சு, காய் எல்லாவற்றையும் அந்த வெள்ளை மூடிக்கொண்டது. இலைகள் சுருண்டன. பூச்சி கழித்த இனிப்பு நீர் வடிந்த இடமெல்லாம் கரும்பூசணம் பிடித்தது. எறும்புகள் சாரிசாரியாக ஏறின. பெரியப்பா மருந்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. வேறொன்று கொடுத்தார். அதற்கும் கேட்கவில்லை. இரண்டையும் கலந்து அடிக்கச் சொன்னார். அடித்தவருக்கு மூன்று நாள் தலை சுற்றியதுதான் மிச்சம்.

அது மாவுப்பூச்சி. நம் ஊர்ப் பூச்சியல்ல. அதன் பூர்விகம் மெக்ஸிகோவும் அதையொட்டிய மத்திய அமெரிக்காவும். விஞ்ஞானிகள் அதற்கு முறையாகப் பெயர் சூட்டியதே 1992-இல்தான். அந்தப் பத்தாண்டிலேயே அது கரீபியன் தீவுகளுக்குப் பரவி, 1998-இல் ஃபுளோரிடாவைத் தொட்டு, பிறகு பசிபிக் தீவுகளையும் பார்த்துவிட்டு, 2008-இல் கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்தது. பப்பாளியோடு நின்றதா? மல்பெரி, மரவள்ளி, பருத்தி, வீட்டு வாசலில் நிற்கும் செம்பருத்தி என்று கண்டதிலெல்லாம் குடியேறிற்று. பட்டுப்பூச்சி வளர்த்தவர்கள் மல்பெரித் தோட்டத்தையே பிடுங்கி எறிந்தார்கள். உடம்பு முழுவதும் மெழுகுப் பூச்சு. முட்டைக்குப் பஞ்சுப் பொதி. மருந்து அதன் மேல் ஒட்டுவதே இல்லை. ஆனால் அதைத் தின்னக்கூடிய பொறிவண்டுகளின் மேலும் சிலந்திகளின் மேலும் அதே மருந்து நன்றாக ஒட்டியது. பகைவன் பிழைத்தான், நண்பர்கள் மாண்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெக்ஸிகோவில் இந்தப் பூச்சியை யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அங்கே அதைக் கட்டுக்குள் வைக்க அதன் பரம்பரை எதிரிகள் இருக்கின்றன. ஊரை விட்டு ஓடிவந்த போக்கிரி போல, எதிரிகளை அங்கேயே விட்டுவிட்டு இது மட்டும் கடல் தாண்டி வந்திருந்தது. ஆகவே எதிரியையும் இங்கே அழைத்து வருவது என்று தீர்மானித்தார்கள். 2010-இல் அமெரிக்க விவசாய இலாகாவின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் பெங்களூருக்கு வந்தன. அவற்றில் பேர் வாங்கியது அசெரோஃபேகஸ் பப்பாயே என்பது. குளவி என்றவுடன் கொட்டுகிற குளவியை நினைத்துவிடாதீர்கள். இதன் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மனிதரைக் கொட்டவும் தெரியாது.

பெங்களூரில் அவற்றைக் கட்டுக்காவலில் வைத்து, வேறு நல்ல ஜீவன்களுக்குக் கெடுதல் செய்யுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். பிறகு முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அந்த மாவுப்பூச்சியில் குளவியைப் பெருக்கினார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கைகொடுக்க, அதே வருஷம் தோட்டங்களில் விட்டார்கள். விவசாயிகளுக்குச் சிறிய புட்டிகளில் இலவசமாகவே கொடுத்தார்கள். பெரியப்பா அவநம்பிக்கையோடுதான் வாங்கி வந்தார். மருந்து அடிக்கக் கூடாது என்று சொன்னதால் வேறு வழியில்லாமல் அடிக்காமலிருந்தார். சில மாதங்களில் வெள்ளை குறைந்தது. பூச்சிகள் கூடுபோல் உலர்ந்து, ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை மட்டும் மிஞ்சிற்று. உள்ளே வளர்ந்த குளவி வெளியேறிய வாசல் அது.

அந்தச் சமயத்தில்தான் அவர் கேட்டார்:

"ஏங் கண்ணு, நீ கதையெல்லாம் எழுதறயே, இதுக்கு ஒரு பதில் சொல்லு. அந்தப் பூச்சிக்கு நான் எப்பிடி நன்றி சொல்றது? எந்தக் கோயில்ல போயிக் கெடா வெட்டறது?"

பெரியம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "ஆமா, தீனி திங்க வந்த பூச்சிக்கு நன்றி ஒண்ணுதான் கொறச்சல்! அதென்ன, உங்க மொகத்தப் பாத்தா வந்துச்சு?"

பெரியப்பாவின் கேள்வியில் ஒரு தர்மம் இருந்தது. பெரியம்மாவின் பதிலில் ஒரு தர்க்கம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே நான் வெகு காலம் நின்றுகொண்டிருந்தேன்.

குளவி அவ்வளவு பெரிய தோட்டத்தில் அவ்வளவு சிறிய பூச்சியை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறது என்பதை விசாரிக்கப் போனபோது விஷயம் இன்னும் சிக்கலாயிற்று. செடிகளே காட்டிக் கொடுக்கின்றனவாம், மணத்தால். புல்லை அறுக்கும்போது ஒரு பச்சை வாசனை எழுகிறதே, நமக்கு மிகவும் பிடித்த வாசனை, அது காயம்பட்ட இலையிலிருந்து கிளம்புவது. அது வெட்டுப்பட்ட கணத்திலேயே வந்துவிடும். பூச்சி தின்னத் தொடங்கிய பிறகு, சில மணி நேரம் கழித்துச் செடி புதிதாகத் தயாரித்து வெளியிடும் மணங்கள் வேறு இருக்கின்றன.

1980-களில் ஹாலந்து தேசத்து ஆராய்ச்சியாளர்கள் அவரைச் செடியில் சிலந்திப் பேன்களை விட்டுப் பார்த்தார்கள். பேன் கடித்த செடியின் மணத்தை நாடி, அந்தப் பேனைத் தின்னும் வேறொரு பேன் வந்தது. 1990-இல் அமெரிக்காவில் மக்காச்சோள நாற்றுகளைக் கொண்டு இன்னொன்றைக் காட்டினார்கள். வெறுமே இலையைக் கீறினால் போதாது. கீறிய இடத்தில் புழுவின் எச்சில் பட்டால்தான் குளவியை ஈர்க்கும் அந்த மணம் நன்றாகக் கிளம்புகிறது. நம் மாவுப்பூச்சியின் பங்காளி ஒன்று மரவள்ளியைத் தாக்குவது. அந்தப் பூச்சி பிடித்த மரவள்ளியின் மணத்தை நாடி அதன் குளவி வருகிறது என்று 1987-இலேயே எழுதியிருக்கிறார்கள். பேரி மரத்தில் சாறு உறிஞ்சும் பூச்சி பெருகினால், மரம் வெளியிடும் மணங்களில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். நாம் தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் தேய்த்துக்கொள்ளும் தைலத்தில் குப்பென்று அடிக்கிறதே, அந்த வாசனைதான். வலித்தால் நாமும் அதைத்தான் தேடுகிறோம், மரமும் அதைத்தான் வீசுகிறது என்று எண்ணியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

உடனே கதாசிரிய புத்தி வேலை செய்தது. மரம் அபயக் குரல் எழுப்புகிறது. குளவி ஓடோடி வந்து காக்கிறது. கஜேந்திர மோட்சம் மாதிரி அல்லவா இருக்கிறது!

ஆனால் நிதானமாக யோசித்தால் அந்தச் சித்திரம் நிற்கவில்லை. யானை கூப்பிட்டது, அதற்கு ஒரு மனம் இருந்தது. மரத்துக்கு யாரையும் கூப்பிடும் எண்ணம் இல்லை. அதன் மணம் காற்றில் போகிறது. ஒரு கிளையின் மணத்தால் அதே மரத்தின் இன்னொரு கிளை எச்சரிக்கை அடைவதும் உண்டு. குளவி மட்டுமல்ல, புதிய பகைவர்களும் அதே மணத்தை மோந்து வந்துவிடுவதும் உண்டு. அழுகுரல் கேட்டால் உதவ வருகிறவனும் வருவான், வீடு பலவீனமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு திருடனும் வருவான். மரம் இதையெல்லாம் எண்ணிப் பார்த்து மணம் வீசவில்லை.

குளவியின் சங்கதி இன்னும் மோசம். அது மரத்தைக் காக்க வரவில்லை. தன் முட்டைக்கு ஒரு தொட்டில் தேடி வருகிறது. அந்தத் தொட்டில் உயிருள்ள ஒரு பூச்சியின் வயிறு. குஞ்சு உள்ளேயிருந்தே அந்தப் பூச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வளர்கிறது. இந்தக் காட்சியைச் சகிக்க முடியாமல்தான் 1860-இல் சார்லஸ் டார்வின், ஆஸா கிரே என்ற அமெரிக்கத் தாவர அறிஞருக்கு எழுதிய கடிதத்தில், கருணையும் சர்வ வல்லமையும் உள்ள ஒரு கடவுள் இப்படிப்பட்ட குளவி இனத்தைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்றார். பெரியப்பா நன்றி சொல்ல விரும்பிய ஜீவனைக் கண்டு டார்வினுக்குக் கடவுள்மேலேயே சந்தேகம் வந்தது!

எனவே பெரியம்மா சொன்னதுதான் சரி என்று தோன்றிற்று. எண்ணம் இல்லாத இடத்தில் உதவி ஏது? உதவி இல்லாத இடத்தில் நன்றி ஏது?

இந்த முடிவு எனக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது. ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதுவதில் நாணயம் இல்லை.

எனக்கு ஒரு மாமா இருந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வசதியானவர். அப்பா இறந்த பிறகு என் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டியவர் அவர்தான். ஆனால் எப்படிக் கட்டினார்? ஒவ்வொரு முறையும் நாலு பேர் கூடியிருக்கும் இடத்துக்கு என்னை வரச் சொல்லுவார். கல்யாண வீடு, கோயில் திருவிழா, ஒரு தடவை இழவு வீட்டுத் திண்ணை. எல்லோரும் பார்க்க மடியிலிருந்து நோட்டுகளை எடுத்து இரண்டு தரம் எண்ணுவார். "படிச்சு நல்லா வந்தா மாமன மறந்துராதடா" என்று உரக்கச் சொல்லித்தான் கொடுப்பார். கோயிலுக்கு ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுத்து, அதன் மேல் பாதி வெளிச்சம் மறைய 'உபயம்' என்று தம் பெயரை எழுதிவைத்த மனிதர். என்னையும் அவர் அப்படி ஒரு குழல் விளக்காகத்தான் நினைத்தார். இரண்டு வருஷம் பொறுத்தேன். மூன்றாம் வருஷம் அவரிடம் போகவில்லை. படிப்பு அதோடு நின்றது.

அதற்குப் பிறகு அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவர் கொடுத்தது எனக்காக அல்ல, தம் பெருமைக்காக. ஆகவே நான் எதுவும் பட்டிருக்கவில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். திருக்குறளையும் சாட்சிக்கு இழுத்தேன். பயனை எண்ணிப் பாராமல் செய்த உதவி கடலை விடப் பெரியது என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார் அல்லவா? அப்படியானால் பயனை எண்ணிச் செய்த உதவிக்கு மதிப்பே இல்லை என்று நானாகப் பொருள் செய்துகொண்டேன். மாமா காலமானபோது மயானத்தில் கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன்.

குளவியைப் பற்றி யோசிக்கப் போய், ஒரு நாள் அந்த அதிகாரத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். பயன் கருதாத உதவியைப் பெரிது என்று சொன்னவர், பயன் கருதிய உதவிக்கு நன்றி வேண்டாம் என்று எங்கேயும் சொல்லவில்லை. நன்றியைக் கொன்றவனுக்கு மீட்சி இல்லை என்று முடிக்கும்போதும், உதவியவனின் அந்தரங்கத்தைச் சோதித்துப் பார்த்து முடிவு செய்துகொள் என்று ஒரு விதிவிலக்கும் கொடுக்கவில்லை. அந்த விதிவிலக்கை எழுதிச் சேர்த்தவன் நான்தான்.

எண்ணத்தை மட்டும் வைத்து எல்லாவற்றையும் அளந்துவிட முடியுமா என்றும் யோசித்துப் பார்த்தேன். அந்த எறும்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சியை அண்ட வரும் எதிரிகளை அவை விரட்டுகின்றன. கண்ணும் கருத்துமாகக் காவல் காக்கின்றன. பார்க்கப் பரிவு மாதிரியே இருக்கிறது. மரத்துக்கு அது நாசம். மனிதர் கதையும் உண்டு. 1935-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்க ஹவாயிலிருந்து ஒரு வகைப் பெரிய தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். எண்ணம் உத்தமமானது. தேரை வண்டுகளை ஒழிக்கவில்லை. தானே பல்கிப் பெருகி, தன் உடம்பின் விஷத்தால், தன்னைத் தின்ற பிராணிகளையெல்லாம் கொன்றது. நல்ல எண்ணம் அங்கே தோற்றது. எண்ணமே இல்லாத குளவி இங்கே இரண்டு ஏக்கரைக் காத்தது.

அப்படியானால் விளைவு ஒன்றுதான் கணக்கா? அதுவும் இல்லை. தேரையை விட்டவர்களுக்கும், வேண்டுமென்றே விஷம் வைத்தவனுக்கும் ஒரே தண்டனை கொடுக்க நம் மனம் ஒப்புமா?

வெகு நாள் கழித்துத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நான் இரண்டு கணக்குகளை ஒரே நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். பாராட்டு என்பது ஒரு கணக்கு. நன்றி என்பது வேறு கணக்கு. பாராட்டு, கொடுத்தவனைப் பற்றியது. அவன் எண்ணம் எப்படி, மனசு எப்படி என்று பார்த்து, கொடுக்கலாம், மறுக்கலாம். நன்றி, பெற்றவனைப் பற்றியது. நான் எதைப் பெற்றேன், அதை வைத்துக்கொண்டு இனி எப்படி நடக்கப் போகிறேன் என்பதுதான் அதில் உள்ள கேள்வி. குளவியைப் பாராட்ட வேண்டியதில்லை. அதற்குப் பாராட்டு புரியவும் புரியாது. ஆனால் தோட்டம் பிழைத்தது பெரியப்பாவுக்கு. மரத்துக்குத் தெரியாது, குளவிக்குத் தெரியாது, நடந்ததை அறிந்தவர் மூவரில் அவர் ஒருவர்தான். அறிந்தவன் தலையில்தான் பொறுப்பு விழுகிறது.

அந்தப் பொறுப்பை அவர் எப்படி நிறைவேற்றினார் என்பதை நான் கவனிக்காமலே இருந்துவிட்டேன். கிடா வெட்டவில்லை. மருந்து அடிப்பதை நிறுத்தினார். பிறகு இலையில் எங்காவது ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும் பதறி மருந்துக் கடைக்கு ஓடாமல், "இருக்கட்டும், அதுக்கும் தீனி வேணுமல்ல" என்று விட்டுவைத்தார். மாவுப்பூச்சி முழுதும் அற்றுப்போனால் குளவியும் பட்டினியில் போய்விடும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. என்னைக் கேள்வி கேட்டுவிட்டு, பதிலை அவரே செய்துகொண்டிருந்தார்.

இப்போது அமெரிக்காவில் திராட்சைத் தோட்டங்களில், நான் சொன்ன தைல வாசனையைச் சிறு பைகளில் அடைத்துக் கொடிகளில் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நண்பர்களான பூச்சிகள் அதை மோந்து வருகின்றன. நல்ல உபாயம்தான். ஆனால் வந்த இடத்தில் இரை இல்லாவிட்டால்? 'புலி வருது' என்று பொய்க் குரல் கொடுத்த பையனின் கதி செடிகளுக்கு நேரக் கூடாதே என்று ஆராய்ச்சிக்காரர்களே யோசிக்கிறார்கள். எனக்கு அந்தக் கவலை பிடித்திருந்தது. மனம் இல்லாத ஜீவனையும் ஏமாற்றக் கூடாது என்று எண்ணுகிறவர்களுக்குப் பெரியப்பாவின் கேள்வி புரியும்.

மாமாவுக்கு நான் என்ன செய்ய முடியும்? அவரைப் பாராட்ட இன்றும் என் நாக்கு எழாது. அந்த இழவு வீட்டுத் திண்ணையை நான் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து படித்த நாவல்கள்தான் என்னை எழுத்தாளன் ஆக்கின என்பதும் நிஜம். அந்த நாற்காலிக்குக் கூலி கொடுத்தவர் அவர்.

சென்ற வருஷம் அவருடைய கிராமத்துக்குப் போனேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்று ஐம்பது புத்தகங்கள் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். தலைமை ஆசிரியர் என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் நானே உட்கார்ந்து, 'உபயம்' என்று போட்டு மாமாவின் பெயரை எழுதினேன். கொஞ்சம் பெரிய எழுத்தாகவே எழுதினேன். அவருக்கு அப்படித்தான் பிடிக்கும்.